பழைய புகையிலை விளம்பர அட்டைகள் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் புகையிலை வியாபாரிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்த வண்ண அட்டைகளைப் பற்றி, புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேர்த்துப் பழகியவர்களுக்கு இதில் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதிப் பாதியில்தான் பணம் வீணாகும். அரிய அட்டைகளும் பாழாகும். அதனால் அந்தக் கேள்விகளுக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

விளம்பர அட்டை என்று எதைச் சொல்கிறோம்?

கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கொடுத்த, உள்ளங்கையில் அடங்கும் அச்சிட்ட அட்டை. பெரும்பாலானவை ஏறத்தாழ 3 அங்குல அகலமும் 5 அங்குல நீளமும் கொண்டவை. முன்பக்கம் வண்ணப் படம், பின்பக்கம் சரக்கின் பெருமை, விலை, கடை முகவரி. சில அட்டைகளின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

இந்த வழக்கம் லண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தது. அப்போது செப்புத்தகட்டில் செதுக்கி ஒரே நிறத்தில் அச்சிட்டார்கள். அம்புரோஸ் ஹீல் என்பவர் சேர்த்த அத்தகைய அட்டைகள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் சேகரிப்பாளர்கள் 'புகையிலை விளம்பர அட்டை' என்று பேசும்போது மனத்தில் வைத்திருப்பது, 1870களின் நடுப்பகுதியிலிருந்து 1890களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் வெளிவந்த வண்ண அட்டைகளைத்தான்.

சிகரெட் பெட்டிக்குள் வந்த அட்டையும் இதுவும் ஒன்றா?

இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். விளம்பர அட்டை கடை மேசையில் கிடந்தது. பொருள் வாங்காதவரும் எடுத்துப் போகலாம். சிகரெட் அட்டை பெட்டிக்குள் இருந்தது. காசு கொடுத்தவருக்கு மட்டுமே கிடைத்தது. காகித உறை நசுங்காமல் சிகரெட்டுகளைத் தாங்கிப் பிடிக்கும் வேலையையும் அது செய்தது. அதனால் அளவு சிறியது: ஏறக்குறைய ஒன்றரை அங்குலத்துக்கு இரண்டே முக்கால் அங்குலம். சிகரெட் அட்டைகள் வரிசை வரிசையாக, 25 அல்லது 50 எண்ணிக்கையில் திட்டமிட்டு வெளியிடப்பட்டன. விளம்பர அட்டைகளில் அப்படிப்பட்ட ஒழுங்கு அரிது.

சேகரிப்பவர்கள் பலர் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், நானும் அப்படித்தான். ஆனால் வாங்கும்போது எது எது என்று தெரிந்திருக்க வேண்டும். விலை, போலி, பாதுகாப்பு எல்லாமே இரண்டுக்கும் வேறு.

அந்த இருபது ஆண்டுகளில் மட்டும் ஏன் இவ்வளவு அட்டைகள்?

வண்ணக் கல்லச்சு மலிவானதே முதல் காரணம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுண்ணாம்புக்கல். அதன்மேல் கைவினைஞர் எண்ணெய்ப்பசையுள்ள மையால் புள்ளி புள்ளியாக வரைவார். ஒரே தாள் கல் கல்லாக ஏறி இறங்கி முழுப்படமாக வெளிவரும். ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுப் பூஜை அறைகளுக்கு வந்து சேர்ந்ததும் இதே நுட்பத்தால்தான். அவருடைய அச்சகம் 1894இல் தொடங்கியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் லூயி பிராங் இத்துறையில் முன்னோடி. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்துபோனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நிறுவனங்கள் வண்ண அட்டைகளை அள்ளிக் கொடுத்தன. வீட்டில் வேறு வண்ணப் படமே இல்லாத காலம். பெண்களும் குழந்தைகளும் அவற்றை ஆல்பங்களில் ஒட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

1890களில் பத்திரிகைகளின் விலை இறங்கியது, அவற்றில் வண்ண விளம்பரம் வந்தது, பின்னாலேயே படத் தபாலட்டையும் வந்தது. அத்துடன் இந்த அட்டைகளின் காலம் முடிந்துபோனது.

எந்தெந்த நிறுவனங்களின் அட்டைகளை அதிகம் பார்க்கலாம்?

முதலில் சொல்ல வேண்டியது வட கரோலினா மாநிலத்து டர்ஹாமின் 'புல் டர்ஹாம்'. 1865 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்த நாட்களில், சரணடைவுப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, இரு தரப்புப் படைவீரர்களும் டர்ஹாம் அருகே காத்திருந்தார்கள். ஜான் கிரீன் என்பவரின் புகையிலைக் கிடங்கை அவர்கள் சூறையாடினார்கள். கிரீன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஆனால் ஊர் திரும்பிய வீரர்கள் அதே புகையிலை வேண்டும் என்று கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். ஓர் ஆங்கிலேயக் கடுகுத்தூள் பெட்டியின் காளைத் தலையைப் பார்த்து அவர் தன் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1869இல் கிரீன் இறந்தபின் நிறுவனம் பிளாக்வெல் என்பவர் கைக்குப் போனது. கூட்டாளியான ஜூலியன் கார் விளம்பரத்தில் பணத்தை இறைத்தார். அந்தக் காளை இல்லாத புகையிலைச் சேகரிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது லொரிலார்ட். 1760இல் நியூயார்க்கில் தொடங்கிய பழைய நிறுவனம். மெல்லும் புகையிலைக் கட்டிகளில் தகரச் சின்னம் பதித்து விற்றது. அதன் அட்டைகளிலும் அந்தத் தகரச் சின்னத்தைப் படமாகக் காணலாம். பிறகு வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டின் ஆலன் அண்ட் கின்டர், நியூயார்க்கின் கின்னி, குட்வின், ராச்செஸ்டரின் கிம்பால், டர்ஹாமின் டியூக் குடும்பம்.

இந்தக் கடைசி ஐவரின் கதையைச் சிகரெட் இயந்திரம்தான் திருப்பிப் போட்டது. கையால் சுருட்டும் தொழிலாளி ஒரு நாளில் சில ஆயிரம் சிகரெட்டுகளைச் சுற்றுவார். ஜேம்ஸ் பான்சாக் 1881இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் சுற்றித் தள்ளியது. ஆலன் அண்ட் கின்டர் அதைத் தட்டிக்கழித்தார்கள். ஜேம்ஸ் டியூக் 1884இல் அதைப் பற்றிக்கொண்டார். தேவைக்கு மேல் சரக்கு குவிந்தது. குவிந்ததை விற்க விளம்பரம் வேண்டியிருந்தது. அட்டைகள் பெருகியதற்கு அது முக்கியக் காரணம். 1890இல் ஐந்து நிறுவனங்களும் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி என்ற ஒரே குடைக்குள் வந்தன. போட்டி ஒழிந்ததும் அட்டைகளுக்குச் செலவிட வேண்டிய அவசியமும் குறைந்தது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது.

பின்பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தைவிட அதிகமாகப் பாருங்கள். இந்தப் பொழுதுபோக்கில் நான் வலியுறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான். முன்பக்கப் படம் பெரும்பாலும் அச்சகத்தின் கற்பனை. பூனைக்குட்டி, ரோஜாக்கொத்து, தொப்பி போட்ட சிறுமி என்று அச்சகங்கள் பொதுப்படங்களை ஆயிரக்கணக்கில் அடித்து வைத்திருக்கும். அதே பூனைக்குட்டியைச் செருப்புக்கடைக்காரரும் வாங்குவார், சுருட்டுக்கடைக்காரரும் வாங்குவார். உள்ளூர் அச்சுக்கூடத்தில் தன் பெயரைக் கறுப்பு மையில் அடித்துக்கொள்வார். அந்த அட்டையைப் புகையிலை அட்டையாக்குவது அந்தக் கறுப்பு எழுத்துதான்.

என் சேகரிப்பில் ஒன்று இருக்கிறது. முன்னால் ஒரு கூடைப் பூ. விலைமதிப்பே இல்லாத பொதுப்படம். கீழே அதற்கென விட்ட வெள்ளைப் பட்டையில் ஓஹியோ மாநிலத்துச் சிற்றூர்ச் சுருட்டு வியாபாரியின் பெயர் சற்றுச் சாய்வாக அச்சாகியிருக்கிறது. கடை தபால் நிலையத்துக்கு எதிரில் என்று குறிப்பு. திருப்பினால் சுருட்டுகளின் சில்லறை விலை. அதன் மேலேயே பென்சிலில் யாரோ ஒரு குழந்தை போட்ட கூட்டல் கணக்கு. பத்தாம் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய ஒன்றைச் சேர்க்க மறந்திருக்கிறது. படம் பளபளக்கும் பல அட்டைகளைவிட இதை நான் உயர்வாக வைத்திருக்கிறேன். எங்கே விற்றது, என்ன விலைக்கு விற்றது, யார் கைக்குப் போனது என்ற மூன்றையும் இது சொல்கிறது.

சிகரெட் அட்டைகளிலும் அப்படியே. ஆலன் அண்ட் கின்டரின் 'உலக வெற்றிவீரர்கள்' வரிசையின் பின்பக்கம் 50 பெயர்களின் முழுப்பட்டியல் இருக்கும்: பேஸ்பால் வீரர், படகோட்டி, மல்லர், குத்துச்சண்டை வீரர், துப்பாக்கிக் குறிசுடுநர், பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர். குறிசுடுவதில் புகழ்பெற்ற ஆனி ஓக்லியும் பஃபலோ பில்லும் அதில் உண்டு. 1909–11இல் வந்த அட்டைகளின் பின்னால் தொழிற்சாலை எண்ணும் வரி மாவட்டமும் அச்சாகியிருக்கும். 'தொழிற்சாலை எண் 25, 2ஆம் மாவட்டம், வர்ஜீனியா' என்பது அடிக்கடி கண்ணில் படுவது. ஒரே முகம் கொண்ட இரு அட்டைகளின் விலை பின்பக்கத்தால் பல மடங்கு மாறும்.

என்28, டி206 என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை என்ன எண்கள்?

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் வாழ்ந்த ஜெஃபர்சன் பர்டிக் என்ற தொழிற்சாலைப் பணியாளர் போட்ட எண்கள். 1939இல் தன் முதல் அட்டைப் பட்டியலை வெளியிட்டார். 'என்' என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 'டி' என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டை, 'எச்' என்றால் பொது விளம்பர அட்டை. மூட்டுவாதத்தால் கைகள் முடங்கிக்கொண்டே வந்தபோதும், தான் சேர்த்த 3 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளையும் அச்சுத்துணுக்குகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி வரிசைப்படுத்தினார். 1963இன் தொடக்கத்தில் அந்த வேலையை முடித்தார். அதே ஆண்டு இறந்தார். இத்தனை பெரிய சேகரிப்பை அவர் கோடீஸ்வரராக இருந்து சேர்க்கவில்லை. அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அசலா, மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் சிறு லென்ஸ் போதும். அசல் வண்ணக் கல்லச்சில், முகத்தின் கன்னத்தையோ வானத்தையோ உற்றுப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். சில பெரிது, சில சிறிது, நிழல் விழும் இடத்தில் நெருங்கியும் வெளிச்சத்தில் விலகியும் இருக்கும். கை வரைந்த புள்ளி அது. சிவப்பு, நீலம், மஞ்சள் மட்டுமல்லாமல் இளஞ்சிவப்பு, பழுப்பு, சாம்பல் எனத் தனித்தனி மைகள் தெரியும். ஒரு நிறம் எல்லைக்கோட்டைத் தாண்டி நூலிழை அளவு விலகியிருப்பதும் உண்டு. இன்றைய மறுபதிப்பில் நான்கே நிறங்களின் புள்ளிகள் சீரான கட்டத்தில், சிறு சிறு பூ வட்டங்களாக நிற்கும். எழுத்துகளையும் பாருங்கள்: அசலில் எழுத்தின் விளிம்பு திடமான மையாக இருக்கும், நகலில் எழுத்தே புள்ளிகளால் ஆகியிருக்கும். வீட்டு அச்சுப்பொறியில் எடுத்தது என்றால் மை தூவியதுபோல் தெரியும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. ரூபாய் நோட்டுச் சரிபார்க்கும் சிறு விளக்கே போதும். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வு வேதிப்பொருட்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயின. இருட்டறையில் விளக்கைக் காட்டும்போது தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால், அது 1880களின் தாள் அல்ல. மின்னாவிட்டால் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய தாளிலோ ஒளிர்வுப் பொருள் சேர்க்காத தாளிலோ அடித்த போலியும் மின்னாது.

மூன்றாவது, தங்க நிறம். அக்காலத்தில் பசைமை அடித்து அதன்மேல் வெண்கலப் பொடி தூவினார்கள். சாய்த்துப் பார்த்தால் உலோகத் துகள் மினுக்கும், சில இடங்களில் பச்சையாகவோ கறுப்பாகவோ மங்கியிருக்கும். நகலில் தங்கம் வெறும் மஞ்சள் கலந்த பழுப்பு.

தேநீர்த் தண்ணீரில் முக்கிப் பழுப்பேற்றிய போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பழமை ஏறிய தாளில் ஓரமும் நடுவும் ஒரே நிறத்தில் இருக்காது. காற்றும் வெளிச்சமும் பட்ட ஓரம்தான் முதலில் பழுக்கும்.

ஆல்பத்தில் ஒட்டிய பசை பின்னால் இருக்கிறது. தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

வேண்டாம். வண்ணக் கல்லச்சு மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீருக்குக் கரையாது என்று சொல்லிச் செய்துகாட்டுவார்கள். படம் தப்பிக்கலாம். ஆனால் கடைக்காரரின் ரப்பர் முத்திரையும் பேனா மையில் எழுதிய பெயரும் கரைந்து ஓடிவிடும், வெண்கலப் பொடி உதிரும், புடைப்பு அச்சு தட்டையாகிவிடும், மேற்பூச்சு கொப்பளிக்கும். எந்தப் பக்கம் அட்டைக்கு வரலாற்றைத் தருகிறதோ அந்தப் பக்கத்தையே அழித்துவிடுகிறோம். பசைத்தடமும், ஒட்டிக்கொண்டு வந்த கறுப்பு ஆல்பத் தாளின் கிழிசலும் அட்டை கடந்துவந்த பாதையின் சாட்சிகள். அழுக்கு மட்டும் என்றால் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள், போதும். முழு ஆல்பமே கிடைத்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஒரு வீட்டார் எதை எதன் பக்கத்தில் ஒட்டினார்கள் என்பது, பிரித்த பின் திரும்பக் கிடைக்காத தகவல்.

ஓரம் வெட்டிய அட்டையை வாங்கலாமா?

அந்தக் காலத்திலேயே குழந்தை கத்தரியால் வெட்டியது என்றால், விலை குறைவாக இருந்தால் வாங்கலாம். நேற்று யாரோ முனை கூராகத் தெரிய வேண்டும் என்று வெட்டியது என்றால் கூடாது. ஒரே வரிசையின் வேறு அட்டையோடு சேர்த்து வைத்து அளவெடுங்கள். விளிம்பின் நிறம் அட்டையின் மற்ற இடங்களோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸில் பாருங்கள். புதிதாக வெட்டிய விளிம்பு வெளுப்பாக இருக்கும்.

டி206 வரிசையில் வந்த, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிகவும் புகழ்பெற்ற அந்தப் பிரதி 1991இல் 4,51,000 டாலருக்கும் 2007இல் 28 லட்சம் டாலருக்கும் கைமாறியது. அதன் ஓரங்கள் வெட்டப்பட்டவை என்பதை, தொடக்கத்தில் அதை விற்ற வியாபாரியே 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உலகின் விலையுயர்ந்த அட்டைகளில் ஒன்றுக்கே இதுதான் நிலை. விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

இந்த அட்டைகளில் கறுப்பின மக்களையும் செவ்விந்தியரையும் இழிவாக வரைந்த படங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

நிறைய இருக்கின்றன என்பது உண்மை. புல் டர்ஹாம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் கறுப்பின மனிதர்களை உதடு பெருத்து, கண் பிதுங்கி, எப்போதும் இடறி விழுபவர்களாக வரைந்து சிரிப்புக் காட்டின. அந்தப் புகையிலையைப் பயிரிட்டவர்களில், இலை நரம்பு கிழித்தவர்களில், தொழிற்சாலையில் பொதி கட்டியவர்களில் மிகப் பலர் கறுப்பின மக்களே. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள். யாருடைய உழைப்பால் பெட்டி நிரம்பியதோ அவர்களையே கேலிப்படமாக்கிப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போது வரும் கோபம் நியாயமானது. அது மரத்துப்போகக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இதன் வேர் இன்னும் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் புகையிலைக் கடைகளின் அட்டைகளிலேயே, புகையிலை இலைகளைப் பாவாடையாகக் கட்டிய கறுப்பு உருவம் நிற்கிறது. ஆப்பிரிக்கரையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் கலந்து ஒரே பொம்மையாக்கிய உருவம் அது.

நான் கடைப்பிடிப்பது இது: அவற்றை அழிப்பதில்லை, சுவரில் மாட்டுவதுமில்லை. தனி உறையில், என்ன படம், எந்த நிறுவனம், எந்த ஆண்டுவாக்கில் என்ற குறிப்போடு வைக்கிறேன். யாருக்காவது காட்டினால் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காட்டுகிறேன். மிச்சிகன் மாநிலத்து ஃபெரிஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள ஜிம் குரோ அருங்காட்சியகம் இத்தகைய பொருட்களைக் கொண்டே இனவெறியைப் பாடமாக நடத்துகிறது. அவற்றைக் கையாளும் முறையை அங்கே கற்கலாம். இந்தப் படங்களை 'வேடிக்கையான பழங்காலப் படம்' என்று தலைப்பிட்டு விற்பவர்களிடம் நான் எதையும் வாங்குவதில்லை.

புகையிலை விளம்பரத்தைச் சேர்ப்பது புகைப்பழக்கத்துக்கு ஆதரவு ஆகாதா?

நான் புகைப்பவன் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஒரு கேட்டை எப்படி இனிக்க இனிக்க விற்றார்கள் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று கிடையாது. 'வால்மிளகுச் சிகரெட்' என்ற சரக்கின் அட்டைகளைப் பாருங்கள். மார்ஷல் என்ற பெயரில் விற்ற இந்தச் சிகரெட்டில் புகையிலை இல்லை. நம் சித்த வைத்தியத்தில் புழங்கும் அதே வால்மிளகைப் பொடித்துச் சுருட்டியது. ஆஸ்துமாவும் சளியும் தீரும் என்று அட்டை வாக்குறுதி கொடுத்தது. மூச்சுத்திணறும் நோயாளியின் கையில் சிகரெட்டைக் கொடுத்தார்கள்.

குழந்தைகளைக் குறிவைத்ததையும் இந்த அட்டைகளில் நேரடியாகக் காணலாம். பறவைகள், கொடிகள், கடற்கொள்ளையர் என்று வரிசை வெளியிட்டால், தந்தையிடம் இந்தச் சிகரெட்டையே வாங்கச் சொல்லிச் சிறுவர்கள் நச்சரிப்பார்கள். ஆண்களுக்கு நாடக நடிகைகளின் படங்கள். அவற்றின் ஆபாசம் தாங்காமல், ஜேம்ஸ் டியூக்கின் தந்தை வாஷிங்டன் டியூக்கே 1894இல் மகனுக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரங்களைத் தடை செய்கிறது. அந்தத் தடை ஏன் தேவைப்பட்டது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்க நான் எடுத்துக்காட்டுவது இந்த அட்டைகளையே.

விலை எப்படி?

பொதுப்பட அட்டைகள் சில டாலர்களுக்கே கிடைக்கின்றன. ஒரு புகையிலை நிறுவனத்துக்காகவே தனியாக வரைந்த அட்டைக்கு மதிப்பு அதிகம். மடிப்பைத் திறந்தால் முகம் மாறும் அட்டை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறைந்த உருவம் தெரியும் அட்டை, உருவத்தின் வடிவிலேயே வெட்டிய அட்டை ஆகியவை அதைவிட மேல். பேஸ்பால் வீரர் படம் இருந்தால் விலை வேறு உலகத்துக்குப் போய்விடும். விளையாட்டுச் சேகரிப்பாளர்கள் போட்டிக்கு வந்துவிடுவார்கள். புதியவர்கள் பேஸ்பாலை விட்டுவிடுங்கள். ஆலன் அண்ட் கின்டரின் பறவை, மீன், கொடி வரிசைகள் அழகிலும் அச்சுத்தரத்திலும் எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

இந்தியாவிலிருந்து வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரு பக்கத்தின் படமும் கேளுங்கள். பின்பக்கப் படம் அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள். அளவு கேளுங்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். தபால் செலவும் சுங்கமும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். ஐந்து டாலர் அட்டைக்கு இருபது டாலர் தபால் கொடுக்க நேரிடும். ஒரே விற்பனையாளரிடம் பலவற்றைச் சேர்த்து ஒரே உறையில் வரவழைப்பது சிக்கனம்.

நம் ஊர் ஈரத்திலும் வெயிலிலும் எப்படிப் பாதுகாப்பது?

முதல் விதி: லேமினேஷன் செய்யாதீர்கள். நம் ஊரில் ரேஷன் கார்டிலிருந்து தாத்தாவின் புகைப்படம் வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்யும் வழக்கம் இருக்கிறது. சூடான பிளாஸ்டிக்கில் ஒருமுறை மூடிய அட்டையை மீட்க வழியே இல்லை.

பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். பிவிசி கூடாது, கடைகளில் கிடைக்கும் நெடியடிக்கும் மெத்தென்ற ஆல்பங்கள் பெரும்பாலும் அதுதான், நாளடைவில் மையைப் பிடித்து இழுக்கும். உறைக்குப் பின்னால் அமிலமற்ற அட்டை வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் வியர்க்கும், உள்சுவர் அலமாரியே நல்லது. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சிறப்பு. சென்னையில் அது எளிதல்ல. மூடி இறுகிய பெட்டியும் சிலிகா ஜெல்லும் ஓரளவு கைகொடுக்கும். ஜெல் நிறம் மாறியதும் உலர்த்தி மறுபடி போடுங்கள்.

ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த பூச்சிமருந்து எனக்குத் தெரியாது. மாவுப்பசை படிந்த பழைய ஆல்பங்கள்தான் பூச்சிகளுக்கு விருந்து. அவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள்.

காசு செலவழிக்காமல் பார்க்க முடியுமா?

தாராளமாக. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பர்டிக் சேகரிப்பின் பெரும் பகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது. நியூயார்க் பொது நூலகத்தில் ஜார்ஜ் ஆரன்ட்ஸ் கொடுத்த புகையிலைச் சேகரிப்பும், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1887 முதல் 1914 வரையிலான பேஸ்பால் அட்டைகளும் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் ஆறு மாதம் இவற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். அசலின் நிறம் மனத்தில் பதிந்துவிட்டால் போலி தானாகவே உறுத்தும்.

தமிழ்நாட்டோடு தொடர்புள்ள அட்டைகள் உண்டா?

அமெரிக்க விளம்பர அட்டைகளில் தேடாதீர்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பெயர்பெற்ற சரக்கு. உறையூர் வட்டாரத்தில் சுருட்டி, கப்பலேற்றி விற்றார்கள். பிரிட்டிஷ் புகையிலைக் கடைகளின் விலைப்பட்டியல்களிலும் விளம்பரத் தாள்களிலும் அந்தப் பெயரைத் தேடலாம். இன்னொரு வாசல், வில்ஸ் நிறுவனத்தின் 'சிசர்ஸ்' சிகரெட் அட்டைகள். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை மனத்தில் வைத்து வெளிவந்தவை. இந்தியப் படைப்பிரிவுகளைப் பற்றிய வரிசையும் அவற்றில் ஒன்று. பழைய ராணுவக் குடும்பங்களின் பெட்டிகளில் இவை இன்னும் இருக்க வாய்ப்புண்டு.

குறிப்பேடு எப்படி எழுதுவது?

வாங்கிய அன்றே எழுதுங்கள். நாள் கடந்தால் மறக்கும். நிறுவனம், சரக்கின் பெயர், அச்சகத்தின் பெயர் (அடி ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும்), மில்லிமீட்டரில் அளவு, பர்டிக் எண் இருந்தால் அது, முன்பின் இரு பக்க எழுத்துகளின் முழுப்படி, குறைகள், யாரிடம் எந்த விலைக்கு வாங்கியது. அட்டையின் மேல் எதையும் எழுத வேண்டாம், பென்சிலால்கூட. இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அதே எண்ணில் சேமியுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அந்தக் குறிப்பேடு எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். குறிப்பில்லாத சேகரிப்பு, உடையவர் போனதும் பழைய காகிதக்காரரின் தராசில் ஏறிவிடுகிறது.